மூன்று பேர் சேர்ந்தால் ஒரு வண்டு

சௌந்திரத்துக்குப் பூச்சி என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. சுவரில் ஒரு கரப்பான் நடந்தால் வீட்டையே அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். விளக்கை ஒரு விட்டில் சுற்றினால் விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் சோறு தின்பாள். இதை ஊஞ்சக்காட்டூரில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. இருபத்துமூன்று வயதில், சேலத்தில் ட்ரெயினிங் முடித்து, ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக வந்திருக்கிறாள். முப்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சங்கதியை வெளியே விட முடியுமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், கார்த்திகை மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. தலைமை ஆசிரியர் சென்னியப்பன் அதை மூக்குக் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் படித்தார். ஆறடி உயரம், வெள்ளை வெளேரென்ற வேட்டி, அடுத்த தெருவுக்குக் கேட்கும் கனைப்பு. ஊரில் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, வார வெள்ளிக்கெழமை இன்ஸ்பெக்டர் வாராருங்களாம். ஒண்ணாம் வகுப்புல பூச்சிப் பாடம் பாக்கோணுமாம். புஸ்தகத்தைப் பாத்து ஒப்பிக்கக் கூடாதாம். பிள்ளைங்க தொட்டுப் பாத்து, கையால செஞ்சு படிக்கோணுமாம்."

"தொட்டுங்களா?" என்றாள் சௌந்திரம்.

"தொட்டுன்னுதான் எழுதியிருக்குதுங்க. அதுக்கு அடியில கோடு வேற இழுத்திருக்குது." சென்னியப்பன் காகிதத்தை மடித்தார். "நாங்க படிக்கறப்ப பூச்சி வந்தா மிதிச்சுப் போட்டுட்டு மேல படிப்போமுங்க. இப்ப அதுவே பாடமாயிருச்சு."

சௌந்திரம் அன்று சாயங்காலம் பிள்ளைகளிடம், "நாளைக்கு ஆளுக்கு ஒரு பூச்சி கொண்டாங்க சாமி" என்று சொல்லி அனுப்பினாள். நாலைந்து பேர் தீப்பெட்டியில் எதையாவது அடைத்துக்கொண்டு வருவார்கள், மூடின பெட்டியைத் தூரத்தில் வைத்துப் பாடத்தை முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

மறுநாள் காலையில் முப்பத்திரண்டு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை நடக்காத காரியம் அது. ஒருத்தி முந்தானை கிழித்த துணியில் வெட்டுக்கிளிகளை முடிந்து வந்தாள். மாதையன் கொட்டாங்குச்சியில் ஒரு சாணி வண்டும், அதன் கூடவே நிறையச் சாணியும் கொண்டுவந்தான். சாணி எதற்கடா என்று கேட்டதற்கு, "தனியா இருந்தா அழுவுமுங்க" என்றான். செல்லமுத்துவின் கையில் ஒரு பித்தளைச் சொம்பு.

"அதுக்குள்ள என்ன சாமி?"

"மூட்டப்பூச்சிங்க. எங்க அப்புச்சி கட்டலத் தட்டிப் புடிச்சனுங்க. இருவது வரைக்கும் எண்ணுனனுங்க. அதுக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாதுங்க."

பொன்னாயி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். ஐந்து வயது, எண்ணெய் காணாத தலை, யாருக்கும் வழிவிடாத நடை.

"நீ கொண்டாரலியா?"

"என்ற தலையில இருக்குதுங்க டீச்சர். எத்தன வேணுமுங்க?"

அதற்குள் சௌந்திரம் மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க அதுதான் வசதி என்று பிள்ளைகளுக்குக் காரணமும் சொன்னாள். வெட்டுக்கிளிகளின் முடிச்சு அவிழ்ந்தது. ஒன்று தாவி அவள் கொண்டையில் உட்கார்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் செல்லமுத்து சொம்பை விட்டுவிட்டான். அது உருண்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பிரம்பு நாற்காலியின் கீழே போய்க் கவிழ்ந்தது. தாத்தா கட்டிலின் மூட்டைப்பூச்சிகள் இருபதும் அதற்கு மேற்பட்டதும் பிரம்புப் பின்னலுக்குள் ஏறி மறைந்தன. பெரிய வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தபோது பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் மேசைமேல் இருந்தாள்.

"மேல் கூரையப் பாக்கறனுங்க. ஒழுகுதான்னு" என்றாள்.

மிச்சப் பூச்சிகளை வேலமரத்தடியில் விட்டுவரச் சொல்லிவிட்டுச் சௌந்திரம் உட்கார்ந்து யோசித்தாள். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. காய்ச்சல் என்று லீவு எழுதலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் காய்ச்சல் போகும்வரை காத்திருந்து வந்தாலும் வருவார்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தூறல் பிடித்தது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். மூன்று பேர் ஒரே கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தபடி வரிசையாகப் போனார்கள். வாசலில் நின்ற சௌந்திரத்தின் கண்ணுக்கு மனிதர்கள் தெரியவில்லை. கறுப்பாக ஒரு முதுகு, அதன் அடியில் குடுகுடுவென்று ஆறு கால். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளே ஓடப் போனவள் அப்படியே நின்றாள்.

ஆறு கால்!

மறுநாள் வகுப்பில் பூச்சியே இல்லை. வீட்டுக்கு வீடு வாங்கிவந்த கம்பளிகள்தான் இருந்தன. முன்னால் நிற்பவன் தலை. அவன் காதோரம் விளக்குமாற்று ஈர்க்கு இரண்டு, அதுதான் உணர்கொம்பு. நடுவில் நிற்பவன் மார்பு. கடைசியில் நிற்பவன் வயிறு. ஆறு காலும் மார்பில்தான் முளைக்கும் என்று சேலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்கவேண்டிவரும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டாள். பிள்ளைகள் களிமண்ணில் வண்டு உருட்டி ஆறு ஈர்க்குக் குச்சி செருகினார்கள். புளியங்கொட்டையைத் தரையில் ஆறு ஆறாக வைத்து எண்ணினார்கள். எறும்பு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக, தலைவண்டு போன வழியிலேயே நடந்து பழகினார்கள். யாரும் எதையும் கடிக்கவில்லை, எதுவும் யார்மேலும் ஏறவில்லை. சௌந்திரத்துக்கு இந்தப் பாடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரு சிக்கல்தான். முப்பத்திரண்டு பேரில் பத்து வண்டு போக இரண்டு பேர் மிஞ்சினார்கள். பொன்னாயியும் மாதையனும்.

"எங்களுக்கு நாலு காலுதானுங்க" என்றாள் பொன்னாயி. "அப்ப நாங்க ஆடுங்களா?"

பொன்னாயிக்கு அழுகை வரும்போல இருந்தது. சௌந்திரமே குனிந்து கம்பளிக்குள் புகுந்து அவர்களுக்கு வயிறானாள். இரண்டு நாளும் அப்படியே ஓடிற்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். குள்ளமாக, உருண்டையாக, கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். பெரிய வாத்தியார் ஓடிப்போய், தூசி தட்டி, மரியாதையாக எடுத்துப் போட்டது அந்தப் பிரம்பு நாற்காலியை. சௌந்திரம் வாயைத் திறப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"பாடத்தைத் தொடங்கலாம், அம்மா."

களிமண் வண்டு காட்டும்வரை ஒன்றும் இல்லை. புளியங்கொட்டை எண்ணும்போது இன்ஸ்பெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிறகு மறுபக்கம் சாய்ந்தார். பிறகு சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்க்க வேண்டும்போல எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் அதே தேசப்படத்துக்காக எழுந்தார். செல்லமுத்துவால் பொறுக்க முடியவில்லை.

"நில்லுங்க ஐயா, அது எங்க அப்புச்சியோடதுங்க" என்று ஓடிவந்து, கோட்டின் பின்பக்கத்திலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். "ஆறு காலுங்க. வேணும்னா எண்ணிக்குங்க."

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய வாத்தியார் கனைக்கக்கூட மறந்து நின்றார். இன்ஸ்பெக்டர் பையனைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார். திட்டலாம்தான். ஆனால் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று எழுதி, அடியில் கோடு இழுத்தவரே அவர்தான். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"...நான்கு, ஐந்து, ஆறு. சரிதான்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். மீதிப் பாடத்தை நின்றபடியே பார்த்தார்.

அடுத்து வண்டுகள் வந்தன. பத்துக் கம்பளிகள் முற்றத்தில் குடுகுடுவென்று சுற்றின. இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் கண் மூலையில் நின்ற பதினோராவது வண்டின்மேல் விழுந்தது. டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்ததால் அதற்கு வயிறு இல்லை.

"இது என்ன? இதற்கு நான்கு கால்தானே இருக்கிறது?"

கம்பளிக்குள்ளிருந்து பொன்னாயியின் தலை வெளியே வந்தது. "வயிறு இல்லீங்க. நீங்க வாரீங்களா?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பிப் பெரிய வாத்தியாரைப் பார்த்தார். பெரிய வாத்தியார் சௌந்திரத்தைப் பார்த்தார். சௌந்திரம் வானத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் பிரம்பு பிடித்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி, ஆறடி உடம்பை மூன்றடியாக மடக்கி, மாதையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்பளிக்குள் நுழைந்தார்.

அதுவரை பொன்னாயி ஒழுங்காகத்தான் நடந்தாள். பெரிய வாத்தியாரே பின்னால் வருகிறார் என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் வாசலைத் தாண்டி வெளியே போனாள். தலைவண்டு போன வழியில் போகவேண்டும் என்று படித்திருந்த மற்றப் பத்து வண்டுகளும் வரிசையாகப் பின்னால் போயின.

"பொன்னாயி! நில்லு சாமி!" சௌந்திரம் ஓடினாள். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினார்.

தெருவில் குடத்தோடு வந்த காளியாத்தாள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். முதல் வண்டின் பின்கால்கள் அவளுக்குத் தெரிந்த கால்களாக இருந்தன.

"ஏனுங்க, பெரிய வாத்தியாருங்களா?"

"நான் இல்லீங்க!" என்றது கம்பளி.

"இல்லீன்னா சரிங்க. கும்படறனுங்க" என்று சொல்லிக் காளியாத்தாள் வழிவிட்டாள்.

ஒரு நாய் ஏழெட்டுக் குரை குரைத்துப் பார்த்தது. வண்டுகள் நிற்காததால் அதுவும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டது. தெரு முடிந்து, வாய்க்கால் வரப்பு வந்தது. வரப்பில் வயிறு இரண்டு தடவை வழுக்கியது. "மெல்லப் போ பாப்பா" என்று உள்ளிருந்து கெஞ்சும் குரல் கேட்டது.

வரப்பு போய் முடிந்த இடம் பொன்னாயியின் அப்பா ராசப்பனின் கரும்பாலை. அன்றைக்குத்தான் அந்த வருஷத்தின் முதல் வெல்லம் இறக்கியிருந்தார்கள். ஆறின வெல்லத்தை உருண்டை பிடித்துக்கொண்டிருந்த ராசப்பன், வரப்பு வழியாகப் பதினோரு கறுப்பு வண்டுகள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து, பாகு கிண்டும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அப்பா, அடிக்காதீங்க! நாந்தானுங்க!" என்று பொன்னாயி கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சௌந்திரம் அதற்குள் மனதிலேயே வேலையை விட்டுவிட்டு, பெட்டி கட்டி, சொந்த ஊரான திருச்செங்கோட்டுக்கு வண்டி ஏறிவிட்டிருந்தாள்.

"ஏன் பாப்பா, பாடத்தின் நடுவில் இங்கே எதற்கு வந்தாய்?"

"நாங்க பூச்சிங்க" என்றாள் பொன்னாயி, இது கூடத் தெரியாதா என்பதுபோல. "வெல்லம் எங்கிருக்குதோ அங்கதானுங்க போவோம்."

இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். நோட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் வெளியே வர மனமில்லாத பெரிய வாத்தியாரின் குரல் கம்பளிக்குள்ளிருந்து தாழ்மையாகக் கேட்டது: "வயித்துக்குப் பசிக்குதுங்க."

ராசப்பன் எல்லோருக்கும் வெல்ல உருண்டை கொடுத்தார். ஒவ்வொரு கம்பளிக்குள்ளும் மூன்று மூன்றாகப் போயிற்று. இன்ஸ்பெக்டர் இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டியபோதுதான், வெல்ல வாசனைக்கு நிஜமான குளவி ஒன்று வந்தது. அத்தனை பேரையும் விட்டுவிட்டுச் சௌந்திரத்தின் தோளில் உட்கார்ந்தது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்த கம்பளிக்குள் பாய்ந்தாள். அது செல்லமுத்துவின் வண்டு. இருட்டில் பிள்ளைகளுக்கு நடுவே முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். வெல்லம் ஒட்டின செல்லமுத்துவின் சின்னக் கை அவள் கையைப் பிடித்தது.

"பயந்துக்காதீங்க டீச்சர். அது போயிருச்சுங்க. நாங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டமுங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவனுடைய கையை விடாமல் எழுந்து நின்றாள். வெளியே பொன்னாயியின் குரல் கேட்டது. கம்பளிக்கு அடியில் தெரிந்த கால்களை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு... ஏழு... எட்டு! எட்டுக் காலு வந்துருச்சுங்க! அது பூச்சி இல்லீங்க, சிலந்திங்க!"

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த வெல்லத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைதட்டினார். "பிரமாதம்! பூச்சிக்கும் சிலந்திக்கும் உள்ள வித்தியாசம்! நான் கடைசியில் அதைத்தான் கேட்கலாம் என்றிருந்தேன். கேட்பதற்கு முன்பே செய்து காட்டிவிட்டீர்களே அம்மா!"

கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்த சௌந்திரம், கொண்டையைச் சரி செய்துகொண்டு, "ஆமாங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

செல்லமுத்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவன் அப்புச்சியிடம் மட்டும் சொன்னான். அப்புச்சி கிணற்றடியில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னார். டீச்சருக்குப் பூச்சி என்றால் பயம் என்பது சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காளியாத்தாள் அன்றே ஒரு விளக்குமாற்றோடு வந்து, அவள் வீட்டு மூலை முடுக்கெல்லாம் தட்டி, இரண்டு கரப்பானை வெளியேற்றிவிட்டுப் போனாள். அன்று சௌந்திரம் விளக்கு எரியச் சோறு தின்றாள்.

திங்கட்கிழமை காலையில் பெரிய வாத்தியார் இன்ஸ்பெக்டர் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். "பாடம் பிள்ளைகளை மட்டுமல்ல, பார்வையிட வந்தவரையும் தொட்டது. ஆசிரியைக்குப் பூச்சிகளிடம் உள்ள அன்பு பாராட்டத்தக்கது. தலைமை ஆசிரியரின் ஒத்துழைப்பு எதிர்பார்த்ததைவிடக் கீழிறங்கி அமைந்திருந்தது." இந்த இடத்தில் அவர் இரண்டு தடவை கனைத்தார். "அடுத்த மாதம் இதே வகுப்பில் பாம்புப் பாடம் பார்க்க விரும்புகிறேன்."

"பாம்புங்களா!" சௌந்திரத்தின் முகம் விளக்கேற்றினதுபோல ஆயிற்று. "அதுக்கென்னுங்க, பாம்புன்னா எனக்குப் பயமே இல்லீங்க. எங்க ஊட்டுக் கூரையில சாரைப்பாம்பு போகும், வரும். நான் பாட்டுக்குக் கீழ உக்காந்து படிச்சுட்டிருப்பனுங்க. ஒண்ணு உசுரோட கொண்டாந்துரலாமுங்க, பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரிய வாத்தியாரின் முகம் அவருடைய வேட்டியைவிட வெளுத்திருந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா" என்றார் மெதுவாக, "லீவு எழுதற காயிதம் எங்கீங்க வெச்சிருக்கோம்?"