பதினொரு மில்லிமீட்டர்

…ஏழு என்ன அப்படிப் பெரிய எண்ணா, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மில்லிமீட்டரோடுதானே குடித்தனம் நடத்துகிறேன், வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே ஸ்கேலைப் பிடித்து அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு என்று எழுதுகிறேன், கொஞ்சம் தள்ளிப்போனாலும் தலைவலி என்று மறுநாளே சண்டைக்கு வந்துவிடுவார்கள், ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா ஏழு மில்லிமீட்டர் என்றபோது மட்டும் அது எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. குழந்தையோட இடது கிட்னியில நீர் கொஞ்சம் தேங்கியிருக்கும்மா, நிறையப் பேருக்குத் தானா சரியாயிடும், முப்பத்திரண்டாவது வாரம் மறுபடி பார்ப்போம் என்றார். தானா சரியாயிடும் என்பதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, தேங்கியிருக்கு என்பதை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். நான் குடிக்கிற தண்ணீர்தான் அங்கே போய் நிற்கிறதோ… யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? சத்தமில்லாமல் தண்ணீரைக் குறைத்தேன், ஒரு வாரம், எட்டாம் நாள் லென்ஸ் தட்டோடு கடையில் மயங்கி விழுந்தேன். எங்கோ லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு ஓடி வந்தார், விஷயம் தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், "தண்ணி குடிக்காம இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

இன்று அந்த முப்பத்திரண்டாவது வாரம். வயிற்றில் ஜெல் சில்லென்று பரவ, டாக்டரம்மா திரையைப் பார்க்கிறார், அழுத்துகிறார், குறிக்கிறார், நான் அவர் புருவத்தையே பார்க்கிறேன், மூக்குக் கண்ணாடி இறங்கியிருக்கிறது, காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தால் நிற்கும், ச்சே, இப்போது எதற்கு இது… "பதினொண்ணு" என்றார். ஏழு பதினொன்றாகிவிட்டது. இவர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார், பிடிக்க அதுதான் அகப்பட்டது போல. "டாக்டர், நான்… நடுவுல ஒரு வாரம் தண்ணியே சரியா குடிக்கல, அதுக்கு முன்னாடி நிறைய குடிச்சேன், அதனாலயா?" அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இத்தனை நாளா இதையா மனசுல வச்சிருந்தீங்க? நல்லா குடிங்க. வலது கிட்னி ஜோரா இருக்கு, பனிக்குட நீரும் சரியா இருக்கு. பிறந்தப்புறம் ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம், சில பிள்ளைங்களுக்குத்தான் ஆபரேஷன் வரைக்கும் போகும்." சிலர் என்றால் எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார், கறுப்பாக ஒரு வட்டம், பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டே வந்தது. "இதுதான் மூத்திரப்பை. பாருங்க, ஒண்ணுக்குப் போகுது. அடைப்பில்லாம காலியாகுது, நல்ல விஷயம்." "டாக்டர் முன்னாடியேவா? கொஞ்சமாவது மரியாதை இருக்கா பாரு!" என்றார் இவர், குரல் பாதியில் உடைந்துவிட்டது, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வயிறு குலுங்கியது, "சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது" என்ற டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

முகத்தைக் காட்டுகிறேன் என்று கருவியை மேலே நகர்த்தினார். ஒரு கை குறுக்கே வந்து மறைத்தது, இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார், கை நகரவில்லை, "மாட்டேங்குதே, பிடிவாதம்" என்றார். "அம்மாவாட்டம்" என்றார் இவர், இல்லை, அப்படியே இவர்தான்… ஆனால் பன்னிரண்டு வாரமாக நான் எதைச் சுமந்துகொண்டிருந்தேன், ஓர் இடது கிட்னியைத்தானே, அதைச் சுற்றி ஓர் ஆள் இருக்கிறது, அதற்கு வேண்டும் வேண்டாம் இருக்கிறது என்று ஒருநாளாவது நினைத்தேனா, அந்த விரல்களுக்குப் பின்னால் மூக்கு எப்படி இருக்கும், யாருடையதாக இருக்கும்…