மூன்று கால் நாற்காலி

மூன்றாம் வகுப்பு நாலாம் வாய்ப்பாட்டைக் கத்தி முடித்தபோது, தலைவலி வந்து டீச்சரின் வலது கண்ணுக்கு மேல் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வாய்ப்பாடு என்றால் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதையே கணக்காக்கிக் கேட்டால்தான் விழி பிதுங்கும். காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"ஒரு நாற்காலிக்கு நாலு கால். அப்போ ஆறு நாற்காலிக்கு எத்தனை கால்?"

இரண்டாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. அது பதில் சொல்ல எழும் கை அல்ல, கேள்வி கேட்க எழும் கை. அந்தச் சிறுமிக்கு வகுப்பே கூடி வைத்த பெயர் சந்தேகம்.

"டீச்சர், எங்க வீட்டு நாற்காலி ஒண்ணுக்கு மூணு கால்தான். உடைஞ்ச இடத்துல அப்பா செங்கல் வச்சிருக்காரு. அதையும் சேர்க்கணுமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தலைமையாசிரியை வருகிறார். ஆளுக்கு ஒரு கணக்கு கேட்பார். சட்டென்று பதில் வர வேண்டும். பதிலுக்குப் பதில் கேள்வி வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு. தெரியாதவர்களை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் அறைக்கு அனுப்பிவிடுவார். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான அறை என்று அதற்குப் பெயர். பகலிலும் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். இறங்கிப் போன பிள்ளை திரும்ப மாடி ஏறி வந்ததை டீச்சர் இதுவரை பார்த்ததில்லை.

மணி அடித்ததும் சந்தேகத்தை மட்டும் இருக்கச் சொன்னார்.

"ஒரு பஸ்ல எட்டு வரிசை. வரிசைக்கு நாலு பேர். மொத்தம் எத்தனை பேர்?"

"டிரைவரையும் சேர்த்தா, டீச்சர்?"

"டிரைவர் வேண்டாம்."

"டிரைவர் இல்லாம பஸ் எப்படிப் போகும்?"

நல்ல கேள்விதான். வேறொரு நாளாக இருந்திருந்தால் டீச்சர் அவளைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார். போர்டில் பஸ் வரைந்து டிரைவரையும் ஏற்றி, முப்பத்திரண்டோடு ஒன்றைக் கூட்டிக் காட்டியிருப்பார். அன்றைக்குக் கால் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த சாக்பீஸைக்கூடக் கீழே வைக்கத் தெம்பில்லை.

"இங்க பாரு கண்ணு. பஸ்ஸையும் பாக்காத, நாற்காலியையும் பாக்காத. கணக்குல ரெண்டு நம்பர் வருதா? பெருக்கு. வந்ததைச் சொல்லு. அப்புறம் வாயே தொறக்காத. தெரிஞ்சுதா?"

சந்தேகம் என்னவோ கேட்க வாயெடுத்தாள். டீச்சர் முறைத்தார். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அதற்குப்பின் கேட்ட கணக்குக்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது. கணக்கைச் சொல்லிக்கொடுக்கவில்லை, குழந்தையின் வாயைத்தான் அடைத்திருக்கிறோம் என்று டீச்சருக்குத் தெரிந்தது. பரீட்சை முடியட்டும், சரிபண்ணிக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் தலைமையாசிரியை இரண்டாவது பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"ஏழு கூடை. கூடைக்கு அஞ்சு பழம். மொத்தம் எத்தனை?"

"முப்பத்தஞ்சு."

என்ன பழம் என்று கேட்கவில்லை, அழுகினதை என்ன செய்வது என்று கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கே நம்ப முடியவில்லை.

"இவளா இது? நேத்து வரைக்கும் நச்சரிச்சுட்டே இருப்பாளே! என்ன மந்திரம் போட்டீங்க? அதை மத்த வகுப்புக்கும் சொல்லிக்குடுங்களேன்."

டீச்சர் சிரித்து வைத்தார். கீழ் அறைக்கு வேறு இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தேகம் தன் இடத்திலேயே இருந்தாள். அன்று சாயங்காலம் வரை இரண்டாவது பெஞ்சில் அந்தக் கை எழவே இல்லை. வகுப்பு நிம்மதியாக நடந்தது. அந்த நிம்மதிதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

மணி அடித்ததும் அவளை மறுபடி கூப்பிட்டார்.

"ஆறு நாற்காலி இருக்கு. அதுல ஒண்ணு உங்க வீட்டு நாற்காலி. மொத்தம் எத்தனை கால்?"

"இருபத்தி நாலு."

"உங்க வீட்டு நாற்காலிக்கு மூணு கால்தானே?"

"அதையெல்லாம் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. சொன்னதை ஒழுங்காகச் செய்த பிள்ளையின் குரல். டீச்சர் குட்டி பெஞ்சில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. நீ பாரு. பாத்துட்டுக் கேளு. எத்தனை வேணும்னாலும் கேளு."

சந்தேகம் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கீழே இறங்கும் படி இருந்தது. ஒரு விரல் மட்டும் மேசைக்கு மேலே மெல்ல எழுந்தது.

"கேட்டா என்னையும் கீழ அனுப்பிருவாங்களா, டீச்சர்?"

எல்லாக் கணக்குக்கும் விடை வைத்திருந்த டீச்சர், எழுந்த அந்த விரலைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டார்.