பதினோராவது பெயர்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஜெர்மனிக் கிளைக்கு நான் செயலாளர். உதைபந்தாட்ட அணி களமிறங்கும் ஒவ்வொரு முறையும், ஆடுவோர் பதினொருவரின் பெயர்களையும் பிறந்த திகதிகளையும் எழுதி, ஆட்டக்காரர் அட்டையிலுள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட்டுக் கையொப்பமிடுவது என் கடமை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையும் நேர்ந்ததில்லை. இந்தப் பருவத்தின் ஏழு பட்டியல்களிலும் பதினோராவது பெயர் பொய். அறிந்தே எழுதினேன்.

1955ஆம் ஆண்டு எங்கள் கல்லூரி அணி ஒரு பருவம் முழுவதும் தோல்வியே காணாமல் ஆடியது. அதன் நினைவாக எங்கள் சங்கம் நிறுவிய கேடயத்துக்காக, இங்குள்ள பழைய மாணவர் அணிகள் ஆண்டுதோறும் மோதுகின்றன. நிறுவிய நாங்கள் அதை ஒருமுறையேனும் வென்றதில்லை.

சித்திரையில், ஆட்டக்காரர் பதிவு முடிந்து புதுப் பெயர் சேர்க்க வழியில்லாத மறுவாரம், எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் கஜரூபனின் முழங்காற் சவ்வு கிழிந்தது. அவனுடைய அட்டையில் வினோஜனை ஆடவைப்போம் என்றார் பயிற்சியாளர் சிறீதரன். வினோஜனுக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் கல்லூரியில் படித்தவன்; மார்கழியில் ஜெர்மனிக்கு வந்து, தஞ்சம் கோரி விண்ணப்பித்துவிட்டு, ஹனோவருக்கு அருகிலுள்ள முகாமில் இருந்தான். அனுமதியின்றி அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை.

"வெள்ளைக்கார நடுவருக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதான், அக்கா," என்றார் சிறீதரன்.

"மற்ற அணிக்காரருக்கு?"

"அவங்கள் வாயே திறக்க மாட்டாங்கள். அவங்களிலையும் ரெண்டு பேர் இப்பிடித்தான்."

நான் மறுத்திருக்க வேண்டும். கேடயத்தின்மீது எனக்கும் ஆசை இருந்தது.

அன்றுமுதல், வினோஜனை ஆட்டங்களுக்குக் கூட்டிச் செல்கையில் அச்சம் என்னோடு தொடருந்தில் ஏறியது. பயணச்சீட்டுப் பரிசோதகர் வரும்போதெல்லாம் வினோஜன் கண்ணை மூடி உறங்குவதுபோல் இருப்பான். ஆறு ஆட்டங்களில் நாங்கள் தோற்கவில்லை. வெற்றி கூடக்கூட என் உறக்கம் குறைந்தது.

இறுதியாட்டம் ஹம் நகரில், புரட்டாதி ஞாயிறு பிற்பகல். ஒன்றுக்கு ஒன்று. முடிய இருபது நிமிடம் இருக்க, வினோஜன் பந்தோடு மூலையிலிருந்து உள்ளே வெட்டினான். எதிரணிக்காரன் சறுக்கி வந்து காலில் மோதினான். எலும்பு முறிந்த ஓசை எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த எனக்கே கேட்டது.

"எழும்படா கஜரூபன், நடிச்சது காணும்!" என்று எதிரணி ஆதரவாளர் ஒருவர் கத்தினார். காலின் கோணத்தைக் கண்டதும் அவரும் அடங்கிவிட்டார்.

அவசர வண்டி மைதானத்துக்குள்ளேயே வந்தது. மைதான வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸார் இருவரும் அதன் பின்னால் நடந்து வந்தனர். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். காலுறையை வெட்டியபடியே, ஏதேனும் மருந்து ஒவ்வாதா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். சிறீதரன் இல்லையென்று தலையசைத்து, கஜரூபனின் அட்டையை நீட்டினார். மருத்துவர் வினோஜனிடமும் கேட்டார். பயந்துபோன அவனுக்கு அப்போது வாயில் வந்தது, இல்லை என்பதற்கான ஜெர்மன் சொல் மட்டுமே.

"நைன். நைன்."

மருத்துவர் உதவியாளரிடம் வலிநீக்கி ஒன்றின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருந்தேன். மாசி மாதம் மொழிபெயர்ப்புக்காக வினோஜனை முகாம் வைத்தியரிடம் கூட்டிச் சென்றவள் நான். அதே ஊசி ஏற்றிய சில நிமிடங்களில் அவன் முகம் வீங்கி, மூச்சு அடைத்தது. இன்னொரு முறை ஏற்றினால் உயிர் தப்புவது அரிது என்று வைத்தியர் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

உதவியாளர் மருந்தை ஊசிக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கள். அந்த மருந்து இவனுக்கு ஆகாது!" என்றேன் ஜெர்மன் மொழியில். பிறகு குனிந்தேன். "தம்பி, இது மாசியிலை போட்ட ஊசி."

அவன் என் சேலையைப் பற்றினான். "ஊசி வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி. பேரைச் சொல்லாதையுங்கோ. பின்னாலை பொலிஸ் நிக்குது."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "இப்போதுதானே இல்லை என்றார்கள்? வேறெவை ஆகாது? இன்றே அறுவை செய்ய வேண்டியிருக்கும். எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்."

மாசியில் முகாம் வைத்தியர் எழுதித் தந்த துண்டில் ஆகாத மருந்துகள் மூன்று இருந்தன; துண்டு முகாமில் கிடந்தது. எனக்கு நினைவிருந்தது ஒன்று. மற்ற இரண்டும் முகாம் வைத்தியரின் பதிவில், வினோஜன் என்ற பெயரின் கீழ் இருந்தன. கஜரூபன் என்ற பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

"அக்கா, யோசிச்சுக் கதையுங்கோ," என்றார் சிறீதரன்.

நான் வினோஜனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிறந்த திகதியையும் முகாமின் முகவரியையும் சொன்னேன். நடுவர் இரண்டடி தள்ளி நின்றார்; தம் குறிப்பேட்டைத் திறந்தார். பொலிஸாரில் ஒருவர் முன்னே வந்தார். "பிறகு," என்று மருத்துவர் அவரைக் கையால் தடுத்தார். ஊசி குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது.

"என்ன செய்திட்டியள், அன்ரி?" என்றான் வினோஜன். அவன் பிடி என் சேலையிலிருந்து நழுவியது.

மருத்துவமனையில் இருந்தபோது சிறீதரன் தொலைபேசியில் அழைத்தார். "ஏழு ஆட்டத்தின்ரை முடிவையும் அழிச்சுப்போட்டாங்கள், அக்கா. பெடியன் எப்பிடி?"

"அறுவைக்கு உள்ளை கொண்டு போயிட்டினம். முகாம் வைத்தியரின்ரை பதிவு வந்திட்டுது. மயக்கமருந்தையும் மாத்தியிருக்கினம்."

நான் சொல்லி முடிப்பதற்குள், மைதானத்தில் நின்ற அதே பொலிஸ்காரர் நடைவழியின் மறுமுனையில் வந்து, வரவேற்பு மேசையில் என்னவோ கேட்டார். மேசையிலிருந்த பெண் என் பக்கம் கை காட்டினாள். பட்டியலில் கையொப்பமிட்டவள் நான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். அவர் நெருங்கி வந்தார். நான் எழுந்து நின்றேன்.