தானே விழுந்த டிக்

கிழக்கு வெளுக்கும் முன்பே அவள் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. ஏ.சி. எலும்பைக் குத்தியது. அந்தக் குளிர் மூலையில் இரைந்துகொண்டிருந்த இயந்திரங்களுக்காகப் போட்டது, மனிதருக்காக அல்ல. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையை இறுக்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். சுண்டுவிரல் மரத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. சொன்னால், "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்பார்கள். அந்த அறையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் இருந்தது என்பது உண்மைதான்.

மூன்று மாதமாக அவள் மாரடித்தது ஒரே ஒரு சின்னப் பெட்டியோடு. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் தட்டினால், "இதை எந்தச் செயலியில் திறக்கட்டும்?" என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வருமே, அதுதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நாலைந்து செயலிகளின் பெயர், கீழே "எப்போதும் இதிலேயே திற" என்று ஒரு கட்டம், இரண்டு பொத்தான். உள்ளே கைவிட்டவருக்குத்தான் அதன் பாடு தெரியும். என்றோ நீக்கிய செயலியின் பெயர் பட்டியலில் எட்டிப் பார்க்கக் கூடாது. கோப்பைத் திறக்கத் தெரியாத செயலி நடுவில் வந்து நிற்கக் கூடாது. கண் தெரியாதவருக்குப் பெட்டி தன்னைத் தானே வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனையையும் அவள் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள்.

செய்து முடித்த அன்று முதலாளி வந்து பின்னால் நின்றார். "நம்ம படச் செயலி முதல்ல வரணும். அந்தக் கட்டத்துல டிக் தானா விழுந்திருக்கணும். ஒரு தடவை தட்டினவன் அப்புறம் நம்மளை விட்டுப் போகக் கூடாது."

அவள் போட்டாள். ஒரே ஒரு வரி. பக்கத்தில் "தற்காலிகம்" என்று குறிப்பு எழுதினாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. தற்காலிகம் என்று எழுதிவிட்டால் மனசாட்சி வாயை மூடிக்கொள்ளும், வரி மட்டும் ஆயுளுக்கும் இருக்கும்.

வாயை மூடாதவர் ஒருவர் இருந்தார். செய்த வேலையைச் சோதித்துப் பார்க்கிறவர். கடுகளவு குறையையும் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். "கேட்காமலே டிக் விழுகிறது. வெளியே விடக் கூடாது" என்று அவர் எழுதிய புகாரை முதலாளி "தேவையில்லை" என்று ஒரே சொல்லில் மூடினார். பெட்டி வெளியே போனது.

அங்கேதான் வந்தது வினை. முதலாளியின் படச் செயலிக்கு ஒரு கெட்ட பழக்கம், திறந்த படத்தை மூடும்போது சுருக்கிச் சேமித்துவிடும். ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களை யாரோ ஒருமுறை தட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு எல்லாப் படங்களும் அதிலேயே திறந்து, சுருங்கி, மங்கி, கடைசியில் ஒன்றுக்கும் உதவாமல் போயின. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன.

அன்று காலை ஏழு மணிக்கு முதலாளி வந்தார். மூஞ்சியில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"பத்து மணிக்குப் புது வெர்ஷன் வெளிய போகுது. டிக் அப்படியே இருக்கட்டும். பதிவேட்டுல மட்டும் ஒரு வரி சேத்துடு, 'பயன்படுத்துபவரே தேர்ந்தெடுத்தார்'னு. கேஸுன்னு போனா அதைக் காட்டிக்கலாம்."

"அவங்க தேர்ந்தெடுக்கலையே சார்."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா? அப்புறம் ஒரு கடிதம் எழுதிக் குடு. சோதனை பண்ணினவன் கவனக்குறைவுன்னு. அவன் உள்ள வர்ற கார்டை இப்பவே நிறுத்தியாச்சு, கேட்டுக்கு வெளியதான் நிக்கிறான்."

"அவர் புகார் எழுதினாரே சார்!"

"எந்தப் புகாரு? அப்படி ஒண்ணு இல்லை." அவர் குனிந்தார். "அந்த வரியை எழுதினது யாரு? பேரு உன்னுதுதானே இருக்கு? அவனா நீயான்னு நீயே பாத்துக்க."

அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். கணவன் வேலையில்லாமல் எட்டு மாதம். கடிதத்தைத் திறந்து, "சோதனையாளரின் கவனக்குறைவால்" என்று அடித்தும்விட்டாள். அடித்ததைப் பார்க்கப் பார்க்கத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இந்தக் கடிதத்தோடு அந்த மனிதர் எங்கே போய் வேலை கேட்பார்?

அப்போது கீழ்த் தளத்திலிருந்து போன் எடுக்கும் பெண் படியேறி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, காலையிலேர்ந்து திட்டு வாங்கி வாங்கி காது புண்ணாயிடுச்சு. 'டிக் நீங்கதான் போட்டீங்க'ன்னு சொல்லச் சொல்லி எங்களுக்குக் காகிதம் குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணு, 'எங்கப்பாவை மறுபடி ஸ்கேன் மெஷினுக்குள்ள தள்ளுறாங்க, அப்படி நான் என்னடி போட்டேன்'னு அழுவுறா. பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிடுவா. நிஜத்தைச் சொல்லுங்கக்கா, யார் போட்டது?"

"நான்தான் போட்டேன்" என்றாள் அவள். அறை முழுக்கக் கேட்டது. "போடச் சொன்னாங்க, போட்டேன்."

கடிதத்தை அழித்தாள். பெட்டியின் நிரலைத் திறந்து அந்த வரியையும் அழித்தாள். டிக் போய், கட்டம் வெறுமையாக நின்றது. படச் செயலியில் படங்களைச் சுருக்கும் வரியையும் தேடிப் பிடித்துத் தூக்கினாள்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு விதி உண்டு. எழுதியவரே வெளியே விட முடியாது, இன்னொருவர் வாசித்து ஒப்புதல் போட வேண்டும். ஒரு ஒப்புதல் போதும். யார் போட்டார் என்று பேரோடு பதிவாகும்.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "யாராவது ஒப்புதல் போட்டீங்க, இன்னையோட வெளிய. எவன் போடுறான்னு பாக்குறேன்!"

அங்கே மூத்தவர் ஒருவர், சித்தப்பா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், எதற்கும் வம்பு வேண்டாம் என்று ஒதுங்குகிற மனுஷன். அவர்தான் முதலில் தட்டினார். திரையில் "ஒன்று" என்று காட்டியது.

"யோவ், நீயுமா? பேரனைப் பாத்துக்கிட்டு வீட்ல உக்கார ஆசையா?"

"ஆமா சார், நான்தான். நல்லா எழுதி வச்சுக்கங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டானது. அப்புறம் மூன்று. ஜன்னலோரத்தில் புதிதாகச் சேர்ந்தவள் நான்கைப் போட்டாள். ஒன்று போதும் என்ற இடத்தில் ஆறும் விழுந்தன. யாரை வெளியே அனுப்புவது என்று முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கடைசிச் சாவி என் கையில இருக்கு. நான் விட்டாத்தான் இது வெளிய போகும், தெரியுமில்ல? மூணே நாள்ல வேற ஏழு பேரைக் கொண்டாந்து உக்கார வைப்பேன்."

"கொண்டு வாங்க" என்றார் சித்தப்பா. "அவங்ககிட்டயும் நாங்க பேசிக்கிறோம். நீங்க சொன்ன வரியை மட்டும் இங்க ஒரு கையும் எழுதாது."

ஏழு பேரும் போன் பெண்ணோடு கீழே இறங்கினார்கள். போன் அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். நடந்ததைச் சொல்லி, ஏழு பேர் சார்பிலும் அவசரமாக எழுதிய கோரிக்கைத் தாளை அவள் கம்பி வழியாக நீட்டினாள். அவரை வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும், டிக்கை எடுத்த வெர்ஷன் வெளியே போக வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் வரி வரியாக வாசித்தார்.

"இதுல குறை இருக்கு" என்றார்.

"இப்பவுமா!" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

"என்னைச் சேக்கணும்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். அந்தாளு சாவியைக் குடுக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியில படம் சுருங்கிக்கிட்டே இருக்குமே? அவங்களுக்கு யாரு சொல்றது?"

போன் பெண் மேசையில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துச் சுருட்டினாள். "நாங்க சொல்றோம். எந்த டிக்கை எப்படி எடுக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

பத்து மணிக்குப் போன் அடித்தது. போன் பெண் எடுக்கப் போனபோது, டிக் போட்டவள் அவளைக் கைபிடித்து நிறுத்திவிட்டுத் தானே எடுத்தாள். காலையில் அழுத அதே மகள்தான். எடுத்ததும் வசவு கொட்டியது. அவள் குறுக்கே பேசவில்லை, வைக்கவும் இல்லை.

"இல்லம்மா, நீங்க யாரும் போடலை" என்றாள், கொஞ்சம் ஓய்ந்ததும். "நாங்கதான் போட்டோம். எழுதினது என் கை. இப்பவே அதை எப்படி எடுக்கணும்னு சொல்றேன், ஸ்கேன் அறையில இருக்கிறவங்ககிட்ட போனைக் குடுக்கறீங்களா?"

மாடியிலிருந்து முதலாளியின் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. அடுத்த போன் அடித்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அதை எடுத்தார்.