சொல்லாமல் குறைத்த ஐந்து டிகிரி

எங்கள் வண்டியின் புகைக்குழாய் ஒரு பல் மருத்துவமனையின் மாடிப்படிக் கைப்பிடியாகப் போயிருக்க வேண்டியது. மாமா அங்கே வெல்டிங் வேலை எடுத்திருந்தார். வேலை முடிந்தபோது குழாய் மீந்தது. "தடிமனான குழாய், விட மனசு வரல" என்று கொண்டுவந்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டி, வளைத்து, ஒட்டி, எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் போகும் நான்கு குழாய்களாக ஆக்கினார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்தவள் என்பதால் வண்டியின் கம்ப்யூட்டர் என் பொறுப்பானது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை அங்கே அது ஒன்றுதான்.

வண்டி பழையது. இரண்டு இருக்கை, தாழ்ந்த கூரை. விபத்தில் வலது பக்கம் நசுங்கியதை மாமா தட்டி நிமிர்த்தினார். அந்தக் கதவு மட்டும் இன்றும் இடுப்பால் ஒரு இடி கொடுத்தால்தான் மூடும். டர்போ நாங்கள் சேர்த்தது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதன் மறுமுனை எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும். சூடும் அதற்கேற்ப ஏறும். எங்கள் சண்டையெல்லாம் அந்தச் சூட்டோடுதான்.

இந்தப் பந்தயத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் விடுமுறை நாளில் கூடும் சங்கம் அது. ஒரு நாளில் ஒரு வண்டி மூன்று முறை தடத்தில் இறங்கலாம். எத்தனை சுற்று ஓட்டினாலும் இருப்பதில் வேகமான ஒரு சுற்றுதான் கணக்கு. அதையும் முதல் ஓரிரு சுற்றுக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு டயரும் எஞ்சினும் சூடேறித் தளர்ந்துவிடும்.

அன்று ஆண்டின் கடைசிக் கூட்டம். டர்போ பிரிவில் ஒரு நிமிடம் இருபது நொடிக்குள் சுற்றி வருகிற ஓட்டுநருக்குத்தான் அடுத்த ஆண்டு இடம். வராதவர் காத்திருப்போர் பட்டியலின் வாலுக்குப் போக வேண்டும். அந்த வால் மூன்று வருட நீளம். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. "நாப்பத்தொண்ணுல வந்து ஓட்டுறேன்னு சொன்னா என் முதுகு ஒத்துக்காது. பஸ் சீட் அத ஏற்கெனவே தின்னுடுச்சு" என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள்.

போன மாதப் பயிற்சியில் அதே தடத்தில் அவள் ஒன்று பத்தொன்பது புள்ளி எட்டு ஓட்டியிருந்தாள். பயிற்சி கணக்கில் வராது. ஆனால் முடியும் என்று மூவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தத் தெரிதலைத்தான் நான் கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை கெடுத்தேன்.

இந்த எஞ்சினுக்கு முந்தினதை உருக்கியதும் நான்தான். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிகிரியில் குறிப்போம். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன் சற்று முன்கூட்டியே விழ வேண்டும். அதிகம் முந்தினால் எஞ்சினுக்குள் வெடி தாறுமாறாகும். நான் அதிகம் முந்தவிட்டேன். பிஸ்டனின் ஓரம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு" என்றாள். எட்டு மாதம் பிடித்தது, மறுபடி ஒரு எஞ்சின் சேர்க்க. இருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து ஷெட்டுக்குப் போனேன். லேப்டாப்பை வண்டியில் செருகினேன். தீப்பொறி அட்டவணையில் எஞ்சின் வேகம் உச்சத்தில் இருக்கும் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். தீப்பொறியை ஐந்து டிகிரி பின்னால் தள்ளினேன். இரண்டு டிகிரி என்றுதான் நினைத்துப் போனேன். கை நிற்கவில்லை. டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அக்கா மீட்டர் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். தீப்பொறிக்கு முள் கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஓட்டத்தில் ஒன்று இருபத்தொன்று புள்ளி ஆறு.

"ட்ராக் இன்னும் குளிரா இருக்கு. டயர் பிடிக்கல" என்றாள் அக்கா.

இரண்டாவது ஓட்டம் ஒன்று இருபத்தொன்று புள்ளி மூன்று. இப்போது தடம் நன்றாகச் சூடேறியிருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கொட்டகையில் டயர்க்காரர். டயர் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். நீல வண்டி, ஒன்று பதினேழு ஓட்டுவார். கையில் தேநீரோடு வந்தார்.

"என்னக்கா, ஒவ்வொரு வளைவுலயும் ஆள் ஏத்தி இறக்கிட்டு வர்றீங்களா?"

"ஆமா. உங்க ஸ்டாப்புல நிறுத்தினேன், நீங்கதான் ஏறல" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மாமா முன்மூடியைத் திறந்து குனிந்திருந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. வெல்டருக்குக் குழாயின் நிறமே தெர்மாமீட்டர். லேசான சூட்டில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம், அதையும் தாண்டினால் சாம்பல்.

"போன மாசம் நீலத்துல நின்னுச்சு. இப்ப பாரு விஞ்ஞானி, சாம்பல் பூத்துடுச்சு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எங்கயோ என் ஒட்டுல கோளாறு. கைப்பிடிக் குழாயக் கைப்பிடியாவே விட்டிருக்கணும்."

 தீப்பொறி தாமதமானால் நெருப்பு எஞ்சினுக்குள் எரிந்து முடியாது. புகையை வெளியே விடும் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். வண்டியை ஓட்ட வேண்டிய சூடு குழாய்க்குப் போகும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வியாழக்கிழமை என் கண்ணில் உருகிய பிஸ்டன் மட்டும்தான் இருந்தது. பிஸ்டனைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குழாயைச் சுட்டிருக்கிறேன்.

"மாமா..." என்றேன்.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமா?"

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து ஒவ்வொரு ஒட்டையும் தேட ஆரம்பித்தார். தான் செய்யாத தப்பை அவ்வளவு கவனமாகத் தேடினார்.

மூன்றாவது ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. டயர்க்காரர் தேநீரை முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். கேலி போய்விட்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கடைசி ஓட்டத்துல நான் வேணா உக்காந்து பாக்கவா? வண்டியில குறையா, இல்ல வேற ஏதாவதான்னு தெரிஞ்சிடும்."

வேற ஏதாவது என்பது அக்கா. அது அவளுக்கும் புரிந்தது.

"பயிற்சின்னா கை சும்மா இருக்கு. கணக்குன்னா நடுங்குது போல" என்றாள் அவள், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "நேரா போற இடத்துல முழுசா மிதிக்கிறதாத்தான் எனக்குத் தோணுது. ஆனா வண்டி போக மாட்டேங்குதே. நான்தான் மிதிக்கலயோ என்னவோ."

"விடு. என் குழாய்தான்" என்றார் மாமா உள்ளிருந்து.

"உங்க குழாய் என்ன பண்ணும், பாவம்." அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். "நீங்க ரெண்டு பேரும் எட்டு மாசம் இதோட கிடந்தீங்க. அவரே ஓட்டட்டும். வண்டிக்காவது ஒரு நல்ல நேரம் கிடைக்கட்டும்."

மூன்றாவதை அவர் எடுத்தால் அக்காவுக்கு நான்காவது என்று ஒன்று கிடையாது. டயர்க்காரர் தன் ஹெல்மெட்டை எடுத்துவரத் திரும்பினார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

"நான் குறைச்சிட்டேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வண்டியின் கதவில் தட்டினேன். அக்கா நிமிர்ந்தாள்.

"தீப்பொறிய நான் குறைச்சிட்டேன். வியாழக்கிழமை. அஞ்சு டிகிரி. உன் கால் சரியாத்தான் மிதிக்குது. கம்ப்யூட்டர் பதிவுல இருக்கு, நேரா போற இடம் பூரா நூறு சதவீதம். வண்டிதான் போகல. நான்தான் போக விடல."

டயர்க்காரர் நின்றுவிட்டார். மாமாவின் தலை முன்மூடிக்கு மேலே வந்தது.

"அப்ப என் ஒட்டு?"

"உங்க ஒட்டுல எதுவும் இல்ல மாமா. சூடு என்னால வந்தது."

அவர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "அடிப்பாவி" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "ஒன்றரை மணி நேரமா என் பொழப்பையே சந்தேகப்பட்டேன்டி."

அக்கா இடுப்பால் இடித்துச் சாத்த வேண்டிய கதவைக் காலால் தள்ளி இறங்கினாள்.

"எதுக்குக் குறைச்ச?"

"பயமா இருந்துச்சு. மறுபடி உருகிடுமோன்னு."

"அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வேணாம்பன்னு நினைச்சேன்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இல்ல, ரெண்டு டிகிரி குறைன்னு சொல்லியிருப்பேன். ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பேன்ல." அவள் குரல் உயரவில்லை. "தினம் அறுபது பேர ஏத்திட்டுப் போறேன். பிரேக்க தளர்த்தி வச்சிருக்கேன்னு மெக்கானிக் என்கிட்ட மறைச்சா அவன நான் என்ன பண்ணுவேன், சொல்லு. காலைலேருந்து என் காலையே நம்பாம உக்காந்திருக்கேன்டி."

அழுதால் இன்னும் நேரம் போகும் என்று தோன்றியது. அழவில்லை.

"முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன்.

"தெரியுது. என்ன செய்யப் போற?"

முதல் முறையாக என்னைக் கேட்டாள். இத்தனை நாள் நானாகச் செய்துவிட்டுப் போய்விடுவேன். கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். போன மாதத்தைவிடக் காற்று ஒன்பது டிகிரி சூடு என்று காட்டினேன். "பழையபடி முழுசா வைக்க மாட்டேன். பழசுலேருந்து ஒரு டிகிரி பின்னால. மீதி நாலையும் திருப்பித் தர்றேன். ஒரே ஒரு சுற்று. ரெண்டாவது சுற்றுல சூடு ஏறிடும், அப்ப நீ முழுசா மிதிச்சா நான் பொறுப்பில்ல."

"ஒரு டிகிரி எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். "சரி. ஒண்ணு உனக்கு" என்றாள். உருவிய கையுறையை மறுபடி மாட்ட ஆரம்பித்தாள்.

டயர்க்காரர் தன் காற்றழுத்தமானியை எடுத்து வந்து, யாரும் கேட்காமலே நான்கு சக்கரத்தின் காற்றையும் சரிபார்த்தார். "பின்னால ரெண்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இறக்கவா?" என்று அக்காவைக் கேட்டார். கேட்டுவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டுச் செய்யணும் போல."

மாமா கடைசி ஒட்டு வரை தேடி முடித்தார். விரிசல் இல்லை. சாம்பல் நிறக் குழாய் அழகாக இருக்காது, ஆனால் தாங்கும் என்றார்.

மூன்றாவது ஓட்டம். நான் தடுப்புக் கம்பி அருகே நின்றேன். முதலில் ஒரு மெதுவான சுற்று, டயரைச் சூடாக்க. அடுத்ததுதான் கணக்கு. நேர்ப்பாதையில் அக்கா வந்தபோது ஒலியில் வித்தியாசம் தெரிந்தது. காலையில் போர்வைக்குள்ளிருந்து கத்துவது போல இருந்தது. இப்போது போர்வை இல்லை. நான் வண்டியைப் பார்க்கவில்லை. வெடி தாறுமாறானால் டின்னில் கூழாங்கல் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசி வளைவைத் தாண்டி அவள் கோட்டைக் கடந்ததும் வேகத்தைக் குறைத்தது கேட்டது. சொன்ன சொல் தவறாமல் ஒரே சுற்று.

பலகையில் எண் வரச் சில நொடி ஆகும். மாமா என் தோளைப் பிடித்திருந்தார். வலித்தது.

ஒன்று, பத்தொன்பது, தொண்ணூற்று மூன்று.

"இருபதுக்குள்ளதானே? இருபதுக்குள்ளதானே இது?" என்று மாமா டயர்க்காரரைக் கேட்டார். கணக்கில் அவருக்கு எப்போதும் சந்தேகம்.

"உள்ளதான் சார். மயிரிழை. ஆனா உள்ள."

அக்கா வந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்திருந்தது. நேரத்தை யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமா சாம்பல் குழாயைப் பார்க்கப் போகாமல் நேரே அவளிடம் போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் கூரையை இரண்டு முறை தட்டினார்.

"நீ வா" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "என்ன தெரியுது? சொல்லு."

லேப்டாப்பைச் செருகினேன். வழக்கமாக நான் படித்து, எனக்குள் வைத்துக்கொண்டு, நல்லதை மட்டும் சொல்வேன்.

"எஞ்சின்ல ஒரு தப்பு வெடி கூட இல்ல. சூடு எல்லைக்குள்ள இருக்கு." அடுத்த வரியைப் பார்த்தேன். "ஆறாவது வளைவுல நீ முழுசா மிதிக்கல. பாதியில கால எடுத்திருக்க. அங்க மட்டும் ஒரு அரை நொடி போச்சு."

டயர்க்காரர் வேறு பக்கம் பார்த்தார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆமா" என்றாள். "பயந்துட்டேன்."

"எழுதிக்கவா?"

"எழுதிக்க. அடுத்த வருஷம் பாப்போம்."