பினாயில் ஊற்றிய குழி

ஓசூரில் மாணவர் விடுதிக்குப் பின்னால், கழிவுக் குழியின் மேல் கவிழ்த்திருந்த இரும்புத் தொட்டி ஆறு நாளாக எழும்பவில்லை. உள்ளே வாயு சேர்ந்தால் தொட்டி மேலே வரும். அந்த வாயுவில்தான் விடுதி அடுப்பு எரிந்தது.

கெம்பம்மா ஊறவைத்த பழைய ஆபீஸ் காகிதங்களைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து பாதமெல்லாம் நீலம். கக்கூஸிலிருந்து குழாயில் வரும் கழிவோடு இந்தக் கூழைக் கலந்துவிடுவது அவள் வேலை. குழி வந்த பிறகு அவள் தலையில் மலவாளி சுமப்பதில்லை. மாதக் கடைசியில் அதிகாரி வருகிறார். அடுப்பு எரியாவிட்டால் குழியை மூடிவிடுவார்கள். வாளி திரும்பி வரும்.

ஓவர்சீயர் சின்னராஜ் குழியோரம் குந்தியிருந்தார்.

"காயிதம் ஜாஸ்தியாப் போச்சா?"

"அதே அளவுதானுங்க சாமி."

"அப்புறம் என்னாத்துக்கு, கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி கம்முனு கெடக்குது?"

அவள் சிரிக்கவில்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் வாளி. காகிதம் விரலிடுக்கில் பிதுங்கியது. அவர் எழுந்தபோது சொல்லிவிட்டாள்.

"பினாயில் ஊத்திட்டேன் சாமி. ரெண்டு புட்டி. ஆபீசரு வந்து மூக்கப் பொத்திக்கக் கூடாதுன்னு."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்குது கெம்பம்மா. அதுங்க தின்னாத்தான் வாயு. நீ அதுங்க குடும்பத்துக்கே வெசம் வெச்சுட்ட."

அவள் யோசித்தாள். "குழி வெட்டறதுக்கு மொதல்ல பீப்பாயில கழிவப் போட்டு வாயு வருதான்னு பாத்தீங்களே, அது கொட்டாய்க்குப் பின்னால அப்படியேதான் இருக்குது. பாலுக்கு உறைமோர் ஊத்துற மாதிரி அத ஊத்தலாமுங்களா?"

சின்னராஜ் அவளையே பார்த்தார். "ஊத்தலாம். ஆபீசரு வர்றதுக்குள்ள அடுப்பு எரியாது."

"அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்."

குழியில் முக்கால்வாசியை இறைக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் அவளே வாளியைத் தலையில் சுமந்தாள். பிறகு பீப்பாய்க் கழிவை ஊற்றி, புதுக் கூழையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

அதிகாரி வந்தபோது அடுப்பு எரியவில்லை. கெம்பம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் கேட்டார். ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

தினமும் மாலையில் தொட்டியைச் சகதி தொடும் இடத்தில் மைக்கூழில் தொட்ட விரலால் ஒரு கோடு இழுத்துவைப்பாள். காலையில் கோடு அங்கேயே இருக்கும். அதிகாரி வந்துபோன இருபத்து மூன்றாம் நாள் காலை, கோடு சகதிக்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

ஓவர்சீயரைக் கூப்பிடுவதற்கு முன், அவள் அங்கேயே குந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.