அட்டையின் வயிற்றில் இருந்தது

மாஸ்கோவிலிருந்து வெனியமின், செல்லமாக வேன்யா, என்று ஒரு அரைவேக்காடு எங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்தான். பைக்காலின் வழுக்குப் பாறைகளில் வெள்ளைக் காலணியோடு நடந்து, வந்த அன்றே இரண்டு தடவை விழுந்தான். மீன்மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும் அட்டைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறானாம். வாங்கட்டுமே, யார் வேண்டாமென்றது? கண்டவனுக்கெல்லாம் கொடுக்கிற பட்டம்தானே.

நான் இந்த ஆய்வு நிலையத்தில் அட்டைகளோடு தலை நரைத்தவள். எந்தக் காலத்திலோ மீனின் மேல் ஒட்டிக்கொண்டு ஏரிக்குள் வந்த அட்டைகளில் ஒரு கூட்டம், மீனை விட்டுவிட்டுக் கூனிக்கு மாறியது. கூனி என்றால் கல்லுக்கடியில் ஊரும் இறால் சாதி. எங்கள் ஊரில் தூண்டிலில் கோப்பார்கள். அப்படி மாறிய அட்டை திரும்பவும் மீன் ரத்தத்தைத் தொடாது, போனது போனதுதான் என்பது என் கட்சி. அந்த அட்டைக்குப் பெயர் வைத்தவளே நான். இதையெல்லாம் எழுதிய புத்தகம் அப்போதுதான் இர்கூத்ஸ்க் நகரில் அச்சாகிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளுக்கு அது ஒன்றுதான் புத்தகம்.

இந்த மேதாவி என்ன செய்தான் தெரியுமா? பாறை மீன்களையும் கூனிகளையும் ஒரே வாளியில் அள்ளிக்கொண்டு வந்தான். ஒட்டியிருக்கும் பிராணி சாகத் தொடங்கினால் அட்டை அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். இது தெரியாதவனுக்கு எதற்கு அட்டை? வாளியிலிருந்த மீனின் மேல் என் கூனி அட்டையைப் பார்த்துவிட்டு, இது மீனுக்கே திரும்பிவிட்டது என்று நிலையத்துக் கூட்டத்தில் பேச எழுந்துவிட்டான்.

நான் விடவில்லை. திரையில் முதல் படம் விழுந்ததுமே நிறுத்தினேன்.

"வேன்யா, மீன் சூப்புல உருளைக்கிழங்கும் கிடக்குது. மீன் உருளைக்கிழங்கு திங்கும்னு எழுதுவியா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். என் புத்தகம் அச்சில் இருக்கிறது, வரட்டும், வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் வாளியைத் தூக்கு என்றும் சொன்னேன். அவன் திரையை அணைத்தான். பிறகு நீங்கள் சொல்வதுதான் சரி என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முதுகெலும்பு இல்லை. அட்டைக்கும் அது கிடையாது.

மறுநாள் காலையில் மூட்டை கட்டிவிட்டான். போகிறவன் தன் புட்டிகளைக்கூடக் கழுவி வைக்கவில்லை. திட்டிக்கொண்டே நான்தான் கழுவ நின்றேன். கடைசிப் புட்டியில் ஓர் அட்டை இருந்தது. என் அட்டைதான், சந்தேகமே இல்லை. அவன் முட்டாள்தனத்தைக் கண்ணால் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் அதன் வயிற்றைப் பிளந்தேன். கூனியின் ரத்தத்துக்கு நிறம் கிடையாது. வயிற்றில் தண்ணீர் போலத்தான் இருக்க வேண்டும்.

ரத்தம் இருந்தது. மீன் ரத்தம். பளிச்சென்று புதிதாக இருந்திருந்தால் வாளியில் குடித்தது என்று தப்பித்திருப்பேன். இது கறுத்து, பாதி செரித்துக் கட்டியாகிக் கிடந்தது. வாளிக்கு வருவதற்குப் பல நாள் முன்பே, ஏரியில் குடித்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டால் போதும், அட்டையும் போகும், பேச்சும் போகும், புத்தகம் வந்துவிடும். கை குழாய் வரை போனது. பொய் சொல்லவில்லை, போயிற்று. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். அதை வைத்ததும் ஊருக்குப் போகும் வேன் நிற்கிற சாலைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் ஒரு கேடு.

வெனியமின் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, புகைபோட்ட ஓமுல் மீனைக் காகிதத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"உன் அட்டைய அறுத்துப் பாத்தேன்," என்றேன். "உள்ள மீன் ரத்தம். பழசு."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "தெரியும், கலேரியா இன்னோகென்த்யெவ்னா. நானும் நிறைய அறுத்துப் பாத்துட்டேன். அடுத்த படம் அதுதான்."

"பின்ன ஏன்டா காட்டல?"

"புத்தகம் அச்சுல இருக்குன்னு சொன்னீங்க. எல்லாரும் வேற உங்களோட சேந்து சிரிச்சிட்டிருந்தாங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த நேரத்துல எப்படிக் காட்டுறது? உங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு."

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. திமிர் பிடித்தவள் என்றிருக்கிறார்கள், விஷம் என்றிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் ரசித்தே கேட்டிருக்கிறேன். இந்த வெள்ளைக் காலணிக்காரன் எனக்காக இரக்கப்பட்டு, தன் பட்டத்தையே விட்டுவிட்டு ஊருக்குப் போகிறான்.

ஓட்டுநர் கிளம்ப வேண்டும் என்று கத்தினான். வேன்யாவின் பையை இழுத்துக் கீழே போட்டேன்.

"இறங்கு. வாளி தூக்கத் தெரியாதவனையாவது மன்னிப்பேன். கண்ணால கண்டத மறைக்கிறவன் எனக்கு ஆகவே ஆகாது. வந்து ஒழுங்கா எழுது."

"அப்ப உங்க புத்தகம்?"

"அச்சகத்துக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லிட்டுத்தான் வந்தேன். உன் பாவத்த நீயே வச்சுக்க."